கையால் செய்த வேட்டை அம்பு: கோளாறை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

சொந்தமாக அம்பு செய்தால் காசு மிச்சம் என்பவர்கள் பெரும்பாலும் தண்டு, இறகு, பசை மூன்றின் விலையையும் கூட்டி, கடை அம்பின் விலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. ஜிக் (இறகை அளவு பிசகாமல் ஒட்ட அம்பைப் பிடித்துக்கொள்ளும் சட்டம்), அறுக்கும் கருவி எல்லாம் சேர்த்தால் முதல் டஜன் கையைக் கடிக்கும். மிச்சம் அதற்குப் பிறகுதான் வருகிறது: இறகு கழன்ற அம்பையும் இன்சர்ட் பிடுங்கிக்கொண்ட அம்பையும் கோணலாகப் போகும் அம்பையும் தூக்கிப் போடாமல் மறுபடி ஓட வைக்கும்போது. எது கெட்டது, ஏன் கெட்டது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் ஒரு டஜன் தண்டு வெகுகாலம் வரும்.

உங்கள் அம்பு என்ன செய்கிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். செலவில்லாத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த டஜனில் அதே பாடு.

சில சொற்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாணில் மாட்டும் பிளவுள்ள பின்துண்டு நாக். முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டப்படும் மரையுள்ள குழல் இன்சர்ட். பிளேடு வைத்த வேட்டை முனை பிராட்ஹெட். எடை எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிராம் ஏறக்குறைய 15.4 கிரெயின்.

தண்டை வளைத்தால் கிறீச்சென்று சத்தம்

இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. கார்பன் தண்டு என்றால் அப்போதே இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். முழுசாக ஓரமாக வைத்தால் இன்னொரு நாள் அவசரத்தில் கைக்கு வந்துவிடும்.

வெடிப்பு விட்ட கார்பன் தண்டு நாண் தள்ளும் வேகத்தில் சிதறலாம். சிதறினால் அதன் சில்லுகள் வில்லைப் பிடித்த கையில்தான் இறங்கும். அதனால் மற்ற எந்தச் சோதனைக்கும் முன்னால் இது. இரு முனைகளையும் பிடித்து, தண்டைக் காதருகே வைத்து, லேசாக வளைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கம் வளைத்து இன்னொரு சுற்று. அதன்பின் ஒரு பஞ்சுத் துணுக்கை நாக் முனையிலிருந்து இன்சர்ட் முனை வரை தேய்த்துக்கொண்டு வாருங்கள். எங்கேயாவது பஞ்சு நூல் பிடித்துக்கொண்டால் அங்கே நார் எழும்பியிருக்கிறது. விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். கார்பன் சிலாம்பு தோலுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. கடினமான எதிலாவது மோதிய அம்பு, இன்னொரு அம்பு பின்னால் வந்து இடித்த அம்பு இரண்டுக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

அலுமினியம் வேறு வகை. லேசாக வளைந்ததை அதற்கான கருவியில் வைத்து நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்திருந்தால் அதுவும் குப்பைதான்.

இறகு கழன்று விழுகிறது

கையால் ஒட்டுபவர்களுக்கு முதலில் வரும் தொல்லை இதுதான். உடனே பசையை மாற்றி, விலை கூடிய பசை வாங்குவார்கள். பசை குற்றவாளியாக இருப்பது அபூர்வம். விழுந்த இறகைக் கையில் எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசை முழுவதும் இறகோடு வந்து, தண்டு வழவழவென்று சுத்தமாக இருக்கிறதா? தண்டின் மேல் எண்ணெய்ப் பசையோ கைவியர்வையோ இருந்திருக்கிறது. பசை தண்டிலேயே கோடாக நின்று, இறகின் அடி வெறுமையாக இருக்கிறதா? குற்றம் இறகில்: அச்சில் வார்க்கும்போது ஒட்டிய மெழுகுத்தன்மை பிளாஸ்டிக் இறகின் அடியில் மிச்சமிருக்கும், அதைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பசை இருந்து நடுவில் பிளந்திருந்தால் பசை சரியாக இறுகவில்லை, அல்லது அளவுக்கு மேல் தடவியிருக்கிறீர்கள்.

தண்டைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். நூல் உதிராத துணி அல்லது காகிதத்தில் நனைத்து, இறகு ஒட்டும் இடத்தை மட்டும் தேய்த்துத் துடையுங்கள். காகிதம் கறுப்பு பிடிக்காமல் வரும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்கு முன் மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தடவை லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தால் பிடிப்பு கூடும். நார் தெரியும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. துடைத்த பிறகு அந்த இடத்தில் விரல் படவே கூடாது. இதைச் சொல்வது சுலபம், ஆறாவது அம்பில் கை தானாக அங்கே போய்விடும். அம்பை நாக் முனையில் பிடித்துத் தூக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

இறகின் அடியையும் அதே ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. அசிட்டோன் பலமானது, ஆனால் சில பிளாஸ்டிக் இறகுகளை அது இளக்கிவிடும். அதை இறகின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பசை மெல்லிய ஒற்றைக் கோடாக, முன்நுனியிலிருந்து பின்நுனி வரை அறுந்துபோகாமல் ஓட வேண்டும். கூடுதல் பசை கூடுதல் பலம் தராது. சூப்பர் குளூ மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் பிடிக்கும். தடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கிளாம்பை (ஜிக்கில் இறகைக் கவ்விப் பிடிக்கும் பகுதியை) இறக்கும்போது பக்கத்தில் பசை பிதுங்கி வழிந்தால் அடுத்ததில் பாதியாகக் குறையுங்கள். இறகைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை பூத்தாற்போல் மங்கல் தெரிந்தாலும் அதே அதிகப் பசைதான் காரணம். பார்வைக்குத்தான் கெடுதல், பறப்பதற்கு ஒன்றும் ஆகாது.

சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. வறண்ட நாளில் தாமதமாகும், புழுக்கமான நாளில் கோடு போட்டு முடிக்கும் முன்பே பிடிக்கத் தொடங்கும். கிளாம்பை எவ்வளவு நேரம் வைப்பது என்பதைக் கடிகாரத்தைவிட அன்றைய காற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

முன்நுனி மட்டும் தூக்குகிறது

இலக்குக்குள் அம்பு நுழையும்போது முதலில் உரசுவது இறகின் முன்நுனிதான். ஒட்டி முடித்தபின் ஒவ்வொரு இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சின்னப் பொட்டு பசை வைத்தால் வேலை முடிந்தது. இயற்கை இறகு என்றால் இறகின் நடுக்காம்பின் முன்முனையை நன்றாகச் சரிவாக்கி, மெல்லிய நூலால் சுற்றிக் கட்டி, நூலின் மேல் பசை தடவுங்கள். சரிவாக்காத முனை எய்யும்போது கையைக் கீறவும் செய்யும், எச்சரிக்கை.

இறகு கிளாம்பில் சரியாக உட்காருவதில்லை, நடுவில் இடைவெளி

பிளாஸ்டிக் இறகென்றால் கிளாம்ப் தண்டோடு முழுநீளமும் படியவில்லை. பசை போடாமல் ஒருமுறை ஜிக்கில் வைத்து, விளக்குக்கு எதிரே பிடியுங்கள். அடியில் எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறதோ அங்கே ஒட்டாது. மெலிந்த தண்டில் முறுக்குக் கிளாம்ப் (இறகைத் தண்டைச் சுற்றிச் சற்று முறுக்கி ஒட்டுவது) போட்டால் இது அடிக்கடி வரும். முறுக்கைக் குறைத்துப் பாருங்கள், அல்லது ஜிக்கின் மேல்கீழ்த் திருகுகளைத் திருத்துங்கள்.

வான்கோழி இறகென்றால் வலது சிறகும் இடது சிறகும் கலந்துவிட்டதா என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வளைவு ஒத்துப்போக வேண்டும். வலது சிறகின் இறகு வலது முறுக்குக்கு, இடது சிறகு இடது முறுக்குக்கு. ஒரே அம்பில் இரண்டையும் கலக்கவே கூடாது. எந்தப் பக்கம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, விலை குறைவாகக் கிடைக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் இறகு நெளிந்துபோனது

ஹேர் டிரையரால் ஓரிரு நொடி காட்டுங்கள், அல்லது வெந்நீரில் முக்கி எடுங்கள். பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். இதற்காகப் பிய்த்துப் புதிது ஒட்ட வேண்டாம்.

இலக்கிலிருந்து இழுத்தால் இன்சர்ட் உள்ளேயே தங்கிவிடுகிறது

கையில் வெறும் குழாய் வருகிறது, முனை இலக்குக்குள். இதற்கும் பசையைத் திட்டுவார்கள். தண்டை அறுத்தபோது உள்ளே படிந்த கார்பன் தூசியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பசை தூசியோடு ஒட்டியது, தண்டோடு ஒட்டவில்லை.

ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். முதல் குச்சி கரியாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றுங்கள். இன்சர்ட்டின் வெளிப்புறத்தை உப்புத்தாளில் உருட்டிச் சொரசொரப்பாக்கி அதையும் துடையுங்கள். பசையைச் சுற்றுவட்டமாகத் தடவி, திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: தள்ளும் முன் நாக்கைக் கழற்றிவிடுங்கள். நாக் மாட்டியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று இன்சர்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். மறுநாள் பார்த்தால் விளிம்பில் ஒரு முடியளவு இடைவெளி தெரியும்.

எந்தப் பசை? எனக்கு நிரந்தரமான வேலைக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி, இன்னும் அளவு முடிவாகாத அம்புக்குச் சூட்டில் இளகும் பசையான ஹாட் மெல்ட். எபாக்சியை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். ஹாட் மெல்ட்டின் வசதி, பிறகு சூடாக்கிக் கழற்றலாம். ஆனால் கார்பன் தண்டின் நார்களைப் பிணைத்திருப்பதும் ஒரு பிசின்தான், சூடு அதைக் கெடுக்கும். அதனால் சூட்டை முனையின் மேல் காட்டுங்கள், தண்டின் மேல் நேரடியாகத் தீ படக் கூடாது. முனையை இன்சர்ட்டில் திருகி, அதைச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்துத் திருகி இழுத்தால் வந்துவிடும். கார்பனுக்கென்று குறைந்த சூட்டில் இளகும் வகை இருக்கிறது, அதையே வாங்குங்கள்.

எபாக்சியில் ஒட்டிய இன்சர்ட்டை எடுக்கச் சூடு வேண்டாம். நாக்கைக் கழற்றிவிட்டு, தண்டுக்குள் தாராளமாக வழுக்கிப் போகும் இரும்புக் கம்பி ஒன்றைப் பின்னாலிருந்து விட்டு, அம்பை மேலும் கீழும் குலுக்கினால் கம்பி சுத்தியல் போல இடித்து இன்சர்ட்டை வெளியே தள்ளிவிடும். நேரம் எடுக்கும், தண்டு பிழைக்கும்.

உருட்டினால் முனை ஆடுகிறது

பிராட்ஹெட் மாட்டிய அம்பை இரண்டு தாங்கிகளில் படுக்க வைத்து உருட்டுங்கள், முனையின் நுனிக்கு நேரே ஒரு கோடு வைத்துக்கொண்டு. நுனி ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் சரி. வட்டம் போட்டால் அம்பு காட்டில் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் முன்னால் இருக்கும் பிளேடுகளும் இறகுகளைப் போலவே காற்றைப் பிடிக்கின்றன.

முதலில் அந்த பிராட்ஹெட்டைக் கழற்றி வேறொரு அம்பில் மாட்டுங்கள். (கழற்றுவதற்கான சாவியோடு. விரலால் திருகிக் காயப்பட்டவர்கள் நிறையப் பேர்.) ஆட்டம் முனையோடு போனால் முனைதான் கோணல். அம்பிலேயே தங்கினால் தண்டின் வெட்டு முகம் தண்டுக்குச் செங்குத்தாக இல்லை.

வெட்டு முகத்தைச் சரிசெய்வது காசில்லாத வேலை. தண்டின் வெட்டு விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். தட்டையான கட்டையில் நுண்ணிய உப்புத்தாளை ஒட்டி, தண்டை அதற்குச் செங்குத்தாகத் தாங்கியில் வைத்து, லேசாக அழுத்திச் சுற்றுங்கள். நாலு சுற்றுக்குப் பின் எடுத்துப் பார்த்தால் மை ஒரு பக்கம் மட்டும் போய், மறுபக்கம் பிறை நிலா மாதிரி நிற்கும். அந்தப் பிறைதான் உங்கள் கோணல். பிறை சுருங்கிச் சுருங்கி, மை சுற்றிலும் ஒரே நேரத்தில் மறையும்வரை தேய்த்தால் போதும். இன்சர்ட் ஒட்டிய பிறகும் அதன் முகத்தில் இதே மைச் சோதனையைச் செய்யலாம்.

கோணல் வெட்டு வராமல் தடுக்க: கார்பனை வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரத்தால்தான் அறுக்க வேண்டும், தண்டைச் சுற்றிக்கொண்டே. குழாய் வெட்டும் கருவி கார்பனை நசுக்கும், ரம்பம் நாரைப் பிய்க்கும். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி, கண்ணாடி இரண்டும் வேண்டும், வெளியே வைத்து அறுங்கள்.

பயிற்சி முனையில் ஒன்றாகப் போகிறது, பிராட்ஹெட் போட்டால் சிதறுகிறது

மேலே சொன்ன உருட்டல் சோதனையில் எல்லா அம்பும் தேறிவிட்டனவா? தேறாமல் இங்கே வர வேண்டாம்.

தேறியும் சிதறினால் இறகைச் சந்தேகப்படுங்கள். பிளேடு அகலமாக இருந்தால் பின்னால் இருக்கும் இறகு அதைத் திருத்தும் அளவுக்குப் பலமாக இருக்க வேண்டும். நேராக ஒட்டிய சின்ன இறகு பயிற்சி முனைக்குப் போதும், நிலையான பிளேடு முனைக்குப் போதாது. 2 முதல் 3 பாகை சாய்வாகவோ முறுக்காகவோ ஒட்டினால் அம்பு சீக்கிரம் சுழன்று நிதானப்படும். மூன்று இறகுக்குப் பதில் நான்கும் ஒரு வழி, ஆனால் அது கூடுதல் செலவு, கூடுதல் எடை. சாய்வை முதலில் முயலுங்கள்.

அடுத்தது எடைப் பங்கீடு. முனை மாட்டிய அம்பை விரலில் நிறுத்தி, சமநிலைப் புள்ளி எங்கே என்று பாருங்கள். நாக்கின் பிளவிலிருந்து தண்டின் முன்விளிம்பு வரை 28 அங்குலம், சமநிலை 17.5 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் பாதி 14, வித்தியாசம் 3.5, அதை 28 ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 சதவீதம் வழக்கமான இடம். அதற்குக் கீழே இருந்தால் கனமான முனையோ பித்தளை இன்சர்ட்டோ உதவும். இன்னும் ஏற்றினால் இன்னும் நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது. எடை ஏறினால் தண்டு தளர்வாக நடந்துகொள்ளும், அதாவது கூடுதலாக வளையும் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிதறாமல், பிராட்ஹெட்டுகள் எல்லாம் ஒன்றாக, ஆனால் வேறொரு இடத்தில் போய்க் குத்தினால் அம்பில் குற்றமில்லை, வில்லின் ரெஸ்ட் (எய்யும்போது அம்பு தங்கும் தாங்கி) கொஞ்சம் நகர வேண்டும். பிராட்ஹெட் வலப்பக்கம் போனால் ரெஸ்டை இடப்பக்கம், கீழே போனால் ரெஸ்டை மேலே. ஒரு தடவைக்கு அங்குலத்தில் 32 இல் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பிளேடும் இறகும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று மெனக்கெடுபவர்கள் உண்டு. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

மொட்டை அம்பு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது

இறகு ஒட்டாத ஒரு அம்பை எப்போதும் வைத்திருங்கள். இறகு தப்பை மறைக்கும். மொட்டை அம்பு எதையும் மறைக்காது. ஏறக்குறைய 20 கஜத்தில் இறகுள்ள அம்புகள் இரண்டு மூன்று, அதே எடையுள்ள மொட்டை ஒன்று எய்யுங்கள்.

மொட்டை மேலே போனால் நாணில் நாக் மாட்டும் இடமான நாக் பாயிண்ட் தாழ்ந்திருக்கிறது. கீழே போனால் உயர்ந்திருக்கிறது. இதை முதலில் சரிசெய்த பிறகுதான் இடம் வலம் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர், விரலால் நாண் இழுப்பவர் என்றால், மொட்டை இடப்பக்கம் ஒதுங்குவது தண்டு விறைப்பு அதிகம் என்பதைக் காட்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் தளர்வு. இடக்கைக்காரருக்குத் தலைகீழ். நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியும், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் வைத்திருப்பவர்கள் தண்டைக் குறைசொல்லும் முன் ரெஸ்ட் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்டின் விறைப்பைச் சொல்லும் எண் ஸ்பைன். கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளில் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே அது. 0.400 அங்குலம் தொய்ந்தால் 400. எண் சிறுத்தால் விறைப்பு கூடும். மரத் தண்டில் நேர்மாறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, 26 ஐத் தொய்வால் வகுத்து வரும் பவுண்டுக் கணக்கு, அங்கே எண் பெருத்தால் விறைப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான தண்டு வாங்கினால் மிச்சமெல்லாம் அங்கேயே போய்விடும்.

அந்த எண் படுத்திருக்கும் தண்டின் கணக்கு. பறக்கும்போது தண்டு நீளமானால் தளரும், முனை கனமானால் தளரும், வில்லின் இழுவிசை கூடினால் தளர்ந்ததுபோல் நடக்கும். திருத்தும் வரிசை இதிலிருந்தே வருகிறது. விறைப்பு அதிகமென்றால் 100 கிரெயின் முனைக்குப் பதில் 125 போடுங்கள். தளர்வென்றால் கனம் குறைந்த முனை, இல்லாவிட்டால் இழுவிசையைக் கொஞ்சம் இறக்குங்கள், அதுவும் போதாவிட்டால் கடைசியாகத் தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் ஒரு டஜனையும் ஒரே நாளில் அளவு வெட்டாமல், ஒன்றை வெட்டி எய்து பார்த்து முடிவான பிறகு மற்றவற்றை வெட்டுங்கள்.

முனையை இலேசாக்கும்போது மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் வில்லில் இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது. 60 பவுண்டு வில்லுக்கு 300. அது வில் உடையாமல் இருப்பதற்கான எல்லை மட்டுமே, வேட்டைக்கு அதைவிடத் தாராளமாக வேண்டும்.

ஒரு அம்பு மட்டும் எப்போதும் தனியாகப் போகிறது

அம்புகளுக்கு எண் போடுங்கள், இல்லாவிட்டால் எது அந்த அம்பு என்றே தெரியாது. திரும்பத் திரும்ப அதே எண் விலகினால் நாக்கை அடுத்த இறகின் பக்கமாகத் திருப்பி எய்யுங்கள். மூன்று இறகென்றால் மூன்று நிலைகள். கார்பன் தண்டு சுற்றிலும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அந்தப் பக்கம் மற்ற அம்புகளைப் போலவே வந்து உட்கார்ந்தவுடன் அம்பு கூட்டத்தோடு சேர்ந்துவிடும். விலகும் அம்பு இந்தத் திருப்பலிலேயே திருந்துவது அடிக்கடி நடப்பது. செலவு பூஜ்யம்.

அப்படியும் திருந்தாவிட்டால் எடை போட்டுப் பாருங்கள், நாக்கை மாற்றுங்கள், உருட்டிப் பாருங்கள். எதிலும் பிடிபடாவிட்டால் அது பயிற்சிக்கு. வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நாக் நாணில் இறுக்கம், அல்லது தளர்ச்சி

நாணில் மாட்டும்போது கிளிக் என்று பிடிக்க வேண்டும். அம்பைக் கீழ்நோக்கி நாணில் தொங்கவிட்டு, நாணை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். தட்டாமல் நிற்க வேண்டும், தட்டினால் விழ வேண்டும். இரண்டு மூன்று தட்டுக்கும் விழாவிட்டால் இறுக்கம். அம்பு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கிளம்பும். தானாக விழுந்தால் ஆபத்து: இழுக்கும்போது அம்பு நழுவினால் நாண் வெறுமனே அடித்து வில்லே சிதறலாம். பிளவை அரத்தால் தேய்த்து அகலப்படுத்த வேண்டாம். நாணில் சுற்றியிருக்கும் நூலின் தடிமனை மாற்றுங்கள், அல்லது அளவுக்கேற்ற நாக் வாங்குங்கள். அம்பிலேயே மலிவான பாகம் அது. வெள்ளை வரி விழுந்த நாக்கை யோசிக்காமல் கழற்றி எறியலாம்.

கிளம்பும்போது டக்கென்று ஒரு சத்தம், இறகோரம் தேய்கிறது

இறகு ரெஸ்டிலோ காம்பவுண்ட் வில்லின் கேபிளிலோ தட்டுகிறது. இறகுகளின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி ஒரு அம்பு எய்யுங்கள், எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். நாக்கைச் சில பாகை திருப்பினாலே பெரும்பாலும் தீரும். எந்த நிலை சரியோ அதைக் குறித்துக்கொண்டு மொத்த டஜனையும் அப்படியே வையுங்கள்.

இறகு நாக்குக்கு மிக அருகில் இருந்தால் விரலும் முகமும் படும். நாக்கின் பிளவிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி ஒட்டுவது வழக்கம்.

பறக்கும்போது விசில் சத்தம் கேட்டால் பிராட்ஹெட் பிளேடிலுள்ள துளைகளைப் பாருங்கள். உயரமான இறகும் சத்தம் போடும்.

மரத் தண்டு வளைந்துகொண்டே போகிறது

ஈரம். நிமிர்த்துவது எளிது: மிதமாகச் சூடாக்கி, வளைவின் வெளிமுதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, மறுபடி அழுத்துங்கள். அதன்பின் வார்னிஷ் அடிக்கும்போது இரு முனைகளின் வெட்டு முகத்துக்கும் சேர்த்துப் பூசுங்கள். உடம்பெல்லாம் பளபளவென்று அடித்துவிட்டு முனைகளை விட்டால் ஈரம் அங்கேதான் நுழையும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

முனைக்கு 5 பாகை, நாக்குக்கு 11 பாகை கூம்பு. சீவும் கருவியில் இரண்டுக்கும் தனி வழி இருக்கும். நாக் ஒட்டும்போது மரத்தின் வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும் ஓரப்பக்கம் வில்லை நோக்கி வரட்டும், அந்தப் பக்கம்தான் விறைப்பு.

எல்லாம் சரி, மிச்சத்தை மட்டும் காணோம்

இதுவும் ஒரு கோளாறுதான், காரணம் பட்டறையில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. வழக்கமான ஓட்டை, தண்டு எவ்வளவு நேர் என்று காட்டும் எண்ணுக்குக் காசு கொடுப்பது. 0.001 அங்குலம் என்று அச்சிட்ட தண்டு 0.006 தண்டைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை வைக்கும். தண்டின் கோணல் பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டிய நீளத்தைவிட நீளமான மலிவுத் தண்டு வாங்கி, உருட்டிப் பார்த்து, ஆட்டம் அதிகமுள்ள முனையிலிருந்து வெட்டுங்கள். இரண்டு முனையும் ஆடினால் இரண்டிலும் கொஞ்சம். வேட்டைத் தூரத்துக்கு அது போதும்.

பழைய இறகைச் சுரண்டத் தனிக் கருவி தேவையில்லை, மழுங்கிய கத்தியைத் தண்டோடு படுக்க வைத்துத் தள்ளினால் வந்துவிடும். கூர்மையான கத்தி நாரை வெட்டிவிடும். இறகை நூறாகவும், தண்டை ஒரே தொகுப்பு எண்ணுள்ள டஜனாகவும் வாங்குங்கள். பிராட்ஹெட் வகையை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் மறுபடி முதலிலிருந்து திருத்தும் வேலை. குறைந்தபட்ச வெட்டு அகலத்தைச் சட்டமே சொல்லும் இடங்கள் உண்டு, வாங்கும் முன் உங்கள் அனுமதிச்சீட்டின் விதிகளைப் பாருங்கள்.

வருஷத்துக்கு நாலைந்து இறகு மட்டுமே போகிறது என்றால் ஜிக் வாங்குவதே நஷ்டம், கடையில் கொடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். வில் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜிக் வாங்குவது நல்ல யோசனை. ஆனால் கிளாம்பின் சாய்வுத் திருகை ஒருவர் பொறுப்பில் விட்டு, அமைத்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். ஆளாளுக்குத் திருப்பிவிட்டால் ஒரே டஜனில் மூன்று விதச் சாய்வு வந்து, எது யாருடைய கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.